எழுத்தால் வாதாடியவர்

நுழையும்முன்

பள்ளி நூலகம் மாலை வேளையிலும் திறந்திருக்க வேண்டும் என்று மாணவர் சிலர் விரும்புகின்றனர். தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். திறக்க வேண்டும், திறக்க வேண்டும் என்று பத்து முறை எழுதினால் நூலகம் திறந்துவிடுமா? ஏன் திறக்க வேண்டும் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். விளக்குச் செலவு கூடுமே, பொறுப்பாளர் இல்லையே என்று அவர் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கும் முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். இத்தகைய எழுத்தையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

உரைநடை

1878ஆம் ஆண்டு. தி. முத்துசாமி ஐயர் என்பவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அந்த நீதிமன்றத்தில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. இளமையில் தந்தையை இழந்து, மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். பின்னர்க் கல்வியால் படிப்படியாக உயர்ந்தவர். அவருக்குக் கிடைத்த பெருமையை எண்ணி இந்தியர் மகிழ்ந்தனர். ஆனால், சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் அந்த நியமனத்தைக் கடிந்து எழுதின. இந்தியர் ஒருவர் அவ்வளவு உயர்ந்த இருக்கையில் அமரலாகாது என்பதே அவற்றின் கருத்தாக இருந்தது.

அதைப் படித்துத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் மனம் கொதித்தனர். அவர்களுள் இருவர் பள்ளி ஆசிரியர். நால்வர் சட்டம் பயின்ற மாணவர். மறுமொழி சொல்ல அவர்களிடம் காரணங்கள் இருந்தன. அவற்றை வெளியிட ஒரு தாள்தான் இல்லை. திண்ணையில் அமர்ந்து எவ்வளவு சொன்னாலும் அப்பேச்சு தெருமுனையைத் தாண்டாது. அச்சில் வந்த பழிக்கு அச்சிலேயே விடை தர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

கையில் பொருள் இல்லை. ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கினர். 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 80 படிகள் மட்டும் அச்சிட்டு, தி இந்து என்னும் ஆங்கில வார இதழை வெளியிட்டனர். எட்டுப் பக்கங்கள், விலை நான்கணா. இன்று நாடெங்கும் அறியப்பட்ட அந்நாளிதழின் தொடக்கம் இதுவே. அதற்கு ஆசிரியராகப் பொறுப்பேற்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அப்போது அவருக்கு வயது 23.

ஆசிரியர் என்னும் சொல் தமிழில் பள்ளியில் கற்பிப்பவரைக் குறிக்கும். இதழை நடத்துபவரையும் குறிக்கும். சுப்பிரமணிய ஐயர் அந்த இரு பொருளிலும் ஆசிரியர். தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855 ஜனவரி 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சுப்பிரமணியரும் இளமையிலேயே தந்தையை இழந்தார். தஞ்சையில் கல்லூரிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து, ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பள்ளிகளில் கற்பித்தார். சட்ட மாணவர் நால்வரும் சில காலத்தில் வழக்கறிஞர் தொழிலை நாடிச் சென்றுவிட்டனர். இதழின் சுமை எழுத்துப் பொறுப்பை ஏற்ற சுப்பிரமணிய ஐயர் மீதும், அவருடைய தோழரும் சக ஆசிரியருமான எம். வீரராகவாச்சாரியார் மீதும் விழுந்தது.

செய்தித்தாளில் செய்தி உண்டு, தலையங்கமும் உண்டு. செய்தி நடந்ததைச் சொல்லும். தலையங்கமோ நடந்தது சரியா, இனி என்ன நடக்க வேண்டும் என்று வாதிடும். சுப்பிரமணிய ஐயரின் வலிமை தலையங்கத்தில் இருந்தது. மிளகாய்ச் சாற்றில் தோய்த்த பேனாவால் எழுதியவர் என்று அவரைக் குறிப்பிடுவது உண்டு. ஆயினும் காரம் மட்டுமே அவருடைய எழுத்தின் சிறப்பு என்று எண்ணுவது பிழை. நாட்டில் வறுமை மிகுந்துவிட்டது என்று அவர் எழுதினால், சான்று எங்கே என்று அரசு அதிகாரிகள் கேட்பார்கள். ஆகவே, அவர் அரசே வெளியிட்ட அறிக்கைகளையும் கணக்குகளையும் எடுத்து ஆராய்ந்தார். நிலவரி எவ்வளவு, கைத்தொழில்கள் எவ்வாறு நலிந்தன, பஞ்சம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பவற்றை அந்தக் கணக்குகளைக் கொண்டே விளக்கினார். எதிர்த் தரப்பின் ஏட்டிலிருந்தே சான்று காட்டும்போது அதைப் பொய் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பிற்காலத்தில், 1903இல், இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார்.

1885 டிசம்பர் மாத இறுதியில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு பம்பாயில் கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 72 பேராளர்கள் வந்திருந்தனர். அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழியும் வாய்ப்பு முப்பது வயதே நிரம்பிய சுப்பிரமணிய ஐயருக்குக் கிடைத்தது. இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய ஓர் ஆணையம் அமைக்க வேண்டும், அதில் இந்தியருக்கும் இடம் வேண்டும் என்பது அத்தீர்மானம்.

இதற்குள் அவர் மற்றொரு பெரிய பணியையும் தொடங்கியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதும் தலையங்கத்தை யார் படிப்பர்? ஆளுநர் படிப்பார், நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் கல்லூரி மாணவர்களும் படிப்பர். வரி கட்டும் உழவர் படிக்க மாட்டார். தறி நின்றுபோன நெசவாளரும் படிக்க மாட்டார். யாருடைய துன்பத்தைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்கே அந்த எழுத்து எட்டவில்லை. இதனை உணர்ந்த சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். சுதேசமித்திரன் என்றால் தாய்நாட்டின் தோழன் என்பது பொருள்.

ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழில் மாற்றினால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அவ்விதழ் நிலைத்திருக்காது. ஆங்கிலம் படித்த வாசகருக்குச் சட்டமன்றம் என்றால் என்ன, வரவுசெலவுக் கணக்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகரிடம் அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. புதிய ஆட்சிமுறைக்கு உரிய பல கருத்துகளுக்கு அக்காலத் தமிழில் நிலைபெற்ற சொற்களும் இல்லை. பழகிய சொல்லை எடுத்துப் புதுப்பொருளில் ஆள வேண்டும். அல்லது பிறமொழிச் சொல்லை எழுதிவிட்டு அதன் பொருளைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசுவோருக்கு இத்தொல்லை நன்கு விளங்கும். ஒரு மொழியில் தடையின்றி வரும் கருத்து மற்றொரு மொழியில் சொல் கிடைக்காமல் தொண்டையிலேயே நின்றுவிடும். சுதேசமித்திரன் இத்தடையைக் கடந்து, அரசியலைத் தமிழில் பேச முடியும் என்பதை வாரந்தோறும் காட்டியது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். ஆதலால் ஓர் இதழைப் படித்தவர் தொகை, அதனை வாங்கியவர் தொகையைவிட மிகுதி. சுப்பிரமணிய ஐயர் எழுதியதோடு நில்லாமல் ஊர் ஊராகச் சென்று தமிழில் பேசவும் செய்தார்.

அரசைக் குறை கூறி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். தம்மைச் சேர்ந்தவர்களையே குறை கூறி எழுதுவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். சுப்பிரமணிய ஐயர் இரண்டையும் செய்தார். அக்காலத்தில் சிறுமியருக்கு விளையாட்டுப் பருவத்திலேயே திருமணம் செய்துவைத்தனர். கணவன் இறந்துவிட்டால் அச்சிறுமி வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாகவே இருக்க வேண்டும். நல்ல ஆடை இல்லை, அணிகலன் இல்லை, மங்கல நிகழ்ச்சிகளில் இடமும் இல்லை. கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. வங்காளத்தில் ஈசுவரசந்திர வித்தியாசாகர் நூல்கள் எழுதியும் விண்ணப்பம் திரட்டியும் போராடியதன் பயன் அச்சட்டம். இராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் ஒரு மறுமணத்தை நடத்திவைத்தார். எனினும், சட்டம் வந்த வேகத்தில் மனம் மாறவில்லை. சட்டம் அனுமதித்ததைச் சுற்றத்தார் அனுமதிக்கவில்லை.

சுப்பிரமணிய ஐயர் மறுமணத்தை ஆதரித்து எழுதினார், மேடைகளில் பேசினார். எதிர்த்தவர்களிடமும் காரணங்கள் இருந்தன. முன்னோர் வகுத்த வழக்கத்தை மாற்ற நாம் யார் என்றனர் சிலர். சாத்திரம் இடம் தராது என்றனர் வேறு சிலர். சீர்திருத்தம் நல்லதுதான், ஆயினும் அதை முதலில் யார் செய்வது என்று தயங்கியவர்களே மிகுதி. மறுமணம் நடந்த வீட்டில் உறவினர் உணவு உண்ண மாட்டார்கள். அவ்வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். இந்த அச்சம் பொய்யானது அன்று. அதனை அறியாமை என்று எள்ளி நகையாடிவிட்டுக் கடந்துபோக முடியாது.

அந்தக் கேள்வி அவருடைய வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அவருடைய மகள் சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். இதுவரை பிறருக்காக எழுதிய வாதங்கள் அனைத்தும் இப்போது அவரை நோக்கித் திரும்பின. எழுதியதைத் தம் வீட்டில் செய்வாரா? செய்யாவிட்டால், ஊருக்குத்தான் உபதேசம் என்று ஊரார் கைகொட்டிச் சிரிப்பர். செய்தால், சுற்றத்தார் ஒருவரும் வாயிற்படி ஏற மாட்டார்கள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1889இல், காங்கிரஸ் மாநாடு நடைபெற்ற காலத்தில், பம்பாயில் தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தலைவர்கள் கூடியிருந்த நேரம் அது. செய்தி எங்கும் பரவியது.

எதிர்பார்த்த விளைவும் வந்தது. உறவினர் அவருடைய குடும்பத்தை ஒதுக்கிவைத்தனர். அந்த ஒதுக்கத்தின் பாரம் அவர்மீது மட்டும் விழவில்லை. வீட்டிலிருந்த பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் விழுந்தது. சீர்திருத்தம் பேசிய ஆண்களின் வரலாறுகளில் இப்பகுதி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அம்மகள் என்ன நினைத்தாள் என்பதை அவளே எழுதிவைத்திருந்தால் இவ்வரலாறு இன்னும் நிறைவு பெற்றிருக்கும்.

சமூகச் சீர்திருத்தம் பற்றிய அவருடைய கட்டுரைகள் பழமையில் பற்றுக்கொண்ட வாசகருக்குக் கசந்தன. இதழின் கூட்டாளிகளிடையேயும் கருத்து வேறுபாடு வளர்ந்தது. 1898இல் அவர் தி இந்துவிலிருந்து விலகினார். இருபது ஆண்டுகளாகத் தாம் வளர்த்த இதழை விட்டு வெளியேறியவருக்கு எஞ்சியது சுதேசமித்திரன். அதை அவர் 1899இல் நாளிதழாக்கினார். தமிழின் முதல் நாளிதழ் என்னும் பெருமை அவ்விதழுக்கு வழங்கப்படுகிறது.

நாளிதழுக்கு நாள்தோறும் எழுத நல்ல கைகள் வேண்டும். 1904இல் மதுரையில் ஒரு பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இளைஞர் ஒருவரை அவர் சென்னைக்கு அழைத்துவந்து துணையாசிரியர் ஆக்கினார். அவ்விளைஞரே சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்கும் வேலை பாரதியாருக்குத் தரப்பட்டது. பாரதியாரின் உரைநடை எளிமையும் விரைவும் பெற்றதற்கு அந்த அன்றாடப் பயிற்சியும் ஒரு காரணம். பின்னாளில் பாரதியார் வேறு இதழுக்குச் சென்றார்; அரசியலில் இருவருடைய வேகமும் ஒன்றாக இருக்கவில்லை.

1908இல் அரசுக்கு எதிராக எழுதினார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் கடுமையான தோல்நோயால் வருந்திக்கொண்டிருந்தார். நோயுற்ற உடலோடு சிறையில் இருந்தவர், நன்னடத்தைக்கு உறுதிமொழி அளித்து வெளியே வந்தார். அதன்பின் இதழின் காரம் குறைந்தது. அவரைப் பின்பற்றிய இளைஞர் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. நோயின் கொடுமையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

நோய் அவரை விடவில்லை. 1915இல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18ஆம் நாள் காலமானார். அவர் மறைந்த பின்னரும் பல பத்தாண்டுகள் சுதேசமித்திரன் நாள்தோறும் வெளிவந்தது.

சொல்லும் பொருளும்

தலையங்கம் – ஒரு செய்தி பற்றி இதழின் கருத்தை வாதிட்டுக் கூறும் கட்டுரை
பேராளர் – ஓர் ஊரின் அல்லது அமைப்பின் சார்பாக மாநாட்டுக்குச் செல்பவர்
அணா – பழைய நாணயம். 16 அணா ஒரு ரூபாய்
கைம்பெண் – கணவனை இழந்த பெண்
படி – அச்சிட்ட இதழ் அல்லது நூலின் ஒரு பிரதி

படித்தபின்

1. சுப்பிரமணிய ஐயர் அரசின் அறிக்கைகளிலிருந்தே சான்று காட்டியது ஏன்? இரண்டு மூன்று வரிகளில் எழுதுக.

2. இப்பாடத்தில் உங்களை நிறுத்தி எண்ணவைத்த இடம் எது? அவ்விடத்தைப் படித்தபோது என்ன தோன்றியது என்று எழுதுக. உங்கள் நண்பர் வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், இருவரும் காரணங்களை ஒப்பிட்டுப் பேசுக.

3. நீங்கள் 1889இல் வாழ்வதாகக் கொள்க. மறுமணம் நடந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார் உங்கள் பெரியப்பா. அவர் மீது மரியாதை குறையாமல், அவருடைய அச்சத்துக்கும் விடை சொல்லி, ஒரு கடிதம் எழுதுக.

4. சிறையிலிருந்து உறுதிமொழி அளித்து வெளியே வந்தது சரியா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக. பிறகு உங்கள் அணிக்கு எதிரான கருத்தை ஆதரித்து ஒரு பத்தி எழுதுக.

5. நுழையும்முன் பகுதியில் வந்த நூலக விண்ணப்பத்தைத் தலைமையாசிரியருக்கு ஒரு முறை எழுதுக. அதே செய்தியை உங்கள் பாட்டிக்குத் தமிழில் விளக்கும் கடிதமாக மீண்டும் எழுதுக. எந்தக் காரணங்களை மாற்ற வேண்டியிருந்தது, எந்தச் சொற்களுக்குத் தமிழில் தேட வேண்டியிருந்தது என்பவற்றை ஓரத்தில் குறித்துவைக்க.